‘நம்ம அம்பாசடர் மாதிரி இருக்கே!’: பிரிட்டிஷ் தொடர்களில் வரும் பழைய கார்களை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி: ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’, ‘எண்டெவர்’, ‘ஹார்ட்பீட்’ போன்ற பழைய காலத்துக் கதைத் தொடர்களில் வரும் கார்கள் என்ன மாடல், எந்த வருடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெருக்காட்சிகளில் அம்பாசடர் போலவே ஒன்று தென்படுகிறதே, அது என்ன? நம்பர் பிளேட்டை இணையத்தில் போட்டுப் பார்த்தால் சில நேரம் வேறு வண்டியின் விவரம் வருகிறது, ஏன்?

பதில்: அம்பாசடரிலிருந்தே தொடங்கலாம், அந்த உருவம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 ஆக இருக்கும். 1956 கடைசியிலிருந்து 1959 வரை ஆக்ஸ்ஃபோர்டு நகரை ஒட்டிய கௌலி ஆலையில் செய்யப்பட்ட கார். அதன் உடல் தகடுகளை அடிக்கும் அச்சுகளை வாங்கித்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடரைச் செய்தது. அங்கே மூன்றே வருடம் ஓடிய உருவம் இங்கே 2014 வரை நீடித்தது. அதற்கு முந்தைய சீரீஸ் 2 (1954–56) நமக்கு லேண்ட்மாஸ்டராக வந்தது. இரண்டையும் பிரிக்க பானட்டைப் பாருங்கள். வழவழவென்று உருண்டு இறங்கினால் சீரீஸ் 2. மேலே நீளவாக்கில் வரிப்பள்ளங்கள் ஓடினால் சீரீஸ் 3. பின்பக்கம் தெரிந்தால் இன்னும் எளிது: சீரீஸ் 3-இன் பின் மட்கார்டு முனை லேசாக வால் போல எழும்பியிருக்கும், சீரீஸ் 2-இல் அது கிடையாது.

இலங்கை வாசகர்களுக்கு, குறிப்பாக யாழ்ப்பாணத்தாருக்கு, இந்த விஷயத்தில் நம்மைவிடக் கூர்மையான கண். ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் எல்லாம் போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில்கூட அங்கே ஓடின.

இனி முறைக்கு வருவோம். பார்க்கத் தொடங்கும் எல்லோரும் முதலில் நம்பர் பிளேட்டையும் முகப்புச் சின்னத்தையும்தான் தேடுகிறார்கள். ஒரு காரில் மிகச் சுலபமாக மாற்றக்கூடியவை அந்த இரண்டும்தான். நாலு திருகாணி போதும். பம்பர், வீல் கேப், கண்ணாடி, பெயிண்ட் ஆகியவையும் அதே கணக்கு. மாற்றக் கடினமானது தகடு: முன்கண்ணாடியின் சட்டம், கதவுத் தூண்கள், கதவுக் கீல் எந்தப் பக்கம் என்பது, பக்கவாட்டில் எத்தனை ஜன்னல், சக்கர வளைவு, கூரை கீழிறங்கும் கோடு. அடையாளம் காண்பதை அங்கிருந்து தொடங்கி, பிளேட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இந்த வருடம்’ என்று ஒரே அடியாகச் சொல்ல முயலவும் வேண்டாம். ‘இதற்கு முன் இருக்க முடியாது, இதற்குப் பின் இருக்க முடியாது’ என்று இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே வாருங்கள்.

படத்தை நிறுத்துவதிலும் ஒரு பக்குவம் உண்டு. கார் திருப்பத்தில் வரும் ஃபிரேம்தான் தங்கம், முகமும் பக்கவாட்டும் ஒன்றாகக் கிடைக்கும். விஎல்சி பிளேயரில் ஆங்கில ‘ஈ’ (E) எழுத்தை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். யூடியூபில் நிறுத்திவிட்டுக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகள். 1990-களின் இறுதிவரை வந்த தொடர்கள் பெரும்பாலும் 4:3 வடிவம். அதைச் சில இடங்களில் 16:9-க்கு இழுத்து ஏற்றியிருப்பார்கள். அப்போது குட்டி ஆஸ்டின்கூட அமெரிக்கக் கப்பல் போல நீண்டு தெரியும். சக்கரம் வட்டமாக இருக்கிறதா, கோழிமுட்டையாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். வட்டமாக இருந்தால் பக்கவாட்டு ஃபிரேமில் ஒரு கணக்கு போடலாம்: முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை உள்ள நீளத்தை டயரின் விட்டத்தால் வகுங்கள். வந்த விடையை டயரின் உண்மையான விட்டத்தால் பெருக்கினால் காரின் அசல் நீளம் கிடைக்கும். மினிக்கு இந்த நீளம் 80 அங்குலம், மோரிஸ் மைனருக்கு 86, ஆக்ஸ்ஃபோர்டுக்கும் அம்பாசடருக்கும் 97, ஜாகுவார் மார்க் 2-க்கு 107-க்குச் சற்று மேல். அளவு துல்லியமாக வராது, ஆனால் மைனரா ஆக்ஸ்ஃபோர்டா என்ற குழப்பம் தீர இது போதும்.

மோரிஸ் மைனர்: பயிற்சிக்கு ஏற்ற கார்

1950, 60-களைக் காட்டும் பிரிட்டிஷ் கிராமத்துக் கதையில் மோரிஸ் மைனர் இல்லாத தெருவே கிடையாது. மாவட்ட நர்ஸ், பாதிரியார், பள்ளி ஆசிரியை எல்லோருக்கும் இதையே கொடுத்துவிடுவார்கள். 1948-இலிருந்து 1971 வரை வந்த கார், வெளி உருவம் பெரிதாக மாறவே இல்லை. அதனால்தான் தொடர் எடுப்பவர்கள் இதில் அதிகம் சறுக்குகிறார்கள்.

முதலில் ஹெட்லைட். கிரில்லின் இரு பக்கமும் கீழே பதிந்திருந்தால் அது முதல் தலைமுறை. 1950–51 வாக்கில் ஹெட்லைட் மட்கார்டு மேலே ஏறிவிட்டது. அடுத்து முன்கண்ணாடி. நடுவில் கம்பியோடு இரண்டு தட்டைத் துண்டுகளாக இருந்தால் 1956 அக்டோபருக்கு முந்தையது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அதற்குப் பிந்தைய ‘மைனர் 1000’. பின்கண்ணாடியும் அப்போதுதான் பெரிதானது. இரண்டு துண்டுக் கண்ணாடி வண்டியிலும் கிரில்லைப் பாருங்கள்: 1954 கடைசி வரை சின்னச் சின்னக் கட்டங்கள், அதன் பிறகு படுக்கைக் கம்பிகள்.

பிறகு திரும்பும் சைகை. 1961 வரை மைனரில் கைகாட்டிதான். ரயில்வே கைகாட்டி போலவே, கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு விளக்கோடு ஒரு சின்னக் கை மடங்கி வெளியே வரும். அதன் பிறகுதான் மினுக்கும் இண்டிகேட்டர். 1963 அக்டோபரில் முன் இண்டிகேட்டர் பெரிதாகி ஆரஞ்சாயிற்று. முன்பு கைதட்டுவது போல எதிரெதிராக ஆடிய வைப்பர்களும் அதோடு ஒரே திசையில் ஆடத் தொடங்கின.

கதை 1955-இல் நடப்பதாக வைத்துக்கொள்வோம். டாக்டர் மழையில் மைனரை ஓட்டி வருகிறார். ஒரே கண்ணாடி, ஆகவே 1956 கடைசிக்கு முன்பு இருக்க முடியாது. வைப்பர் இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றன, விளக்கு பெரிய ஆரஞ்சு, ஆகவே 1963 அக்டோபருக்குப் பின். தூணில் கைகாட்டி இருந்த இடம் மூடியிருக்கிறது, அதுவும் ஒத்துப்போகிறது. பிளேட்டில் கறுப்பில் வெள்ளை எழுத்தாக 1950-களின் எண் மின்னினாலும் இந்த வண்டி கதையைவிட எட்டு வருடம் இளையது. பிளேட் பொய் சொல்லும், வைப்பர் சொல்லாது.

மரச்சட்டம் தெரியும் மைனர் டிராவலரை எல்லோருக்கும் பிடிக்கும். அது அழகுக்கு ஒட்டிய மரமும் இல்லை, பின் உடலைத் தாங்குவதே அந்த ‘ஆஷ்’ மரச் சட்டம்தான். டிராவலர் வந்தது 1953 அக்டோபரில். எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா 1953 ஜூன் 2. முடிசூட்டு விழாத் தெருக்கொண்டாட்டத்தில் ஒரு டிராவலர் நின்றால் அது தவறு, சந்தேகமே வேண்டாம்.

மினிக்கும் இதே பாணியில் ஒரு குறுக்குவழி உண்டு. 1959 ஆகஸ்ட் கடைசியில் வெளிவந்தது. கதவுக் கீல் வெளியே துருத்திக்கொண்டு, ஜன்னல் கண்ணாடி பக்கவாட்டில் நகர்ந்தால், பிரிட்டனில் செய்த மினி பொதுவாக 1969-க்கு முந்தையது. கீல் மறைந்து, கண்ணாடி மேலும் கீழும் ஏறி இறங்கினால் அதற்குப் பிந்தையது.

மோர்ஸின் ஜாகுவாரும் தர்ஸ்டேயின் ஜாகுவாரும்

இரண்டும் ஒன்றுதானே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ‘எண்டெவர்’ கதை 1965-இல் தொடங்குகிறது. அதில் இன்ஸ்பெக்டர் தர்ஸ்டேயுடன் வருவது கறுப்பு ஜாகுவார் மார்க் 1. ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ தொடரில் வருவது சிவந்த பழுப்பு நிற மார்க் 2, 2.4 லிட்டர், 1960-ஆம் வருடத்தது, எண் 248 ஆர்பிஏ. (1955-இல் வந்தபோது முன்னதன் பெயர் வெறும் ‘2.4 லிட்டர்’. 1959 அக்டோபரில் மார்க் 2 வந்த பிறகுதான் பழையதை மார்க் 1 என்று அழைக்க ஆரம்பித்தார்கள்.)

பக்கவாட்டில் பார்த்தால் ஒரு நொடியில் பிரித்துவிடலாம். மார்க் 1-இன் கதவு மேற்பகுதி முழுவதும் தகடு, ஜன்னல் சிறியது, தூண் தடிமன், உள்ளே இருட்டு. மார்க் 2-இல் ஜன்னலைச் சுற்றி மெல்லிய குரோம் சட்டம், கண்ணாடி பெரிது. பின்னாலிருந்து பார்த்தால் மார்க் 1-இன் பின்சக்கரங்கள் உடலுக்குள் ஒடுங்கி நிற்கும். மார்க் 2-இல் இரு பின்சக்கரங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை 3 அங்குலத்துக்கு மேல் அகலப்படுத்தினார்கள். முன்னாலிருந்து பார்த்தால் மார்க் 2-இன் சின்னப் பக்கவிளக்குகள் மட்கார்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கும், கிரில்லின் நடுக்கம்பி தடித்திருக்கும்.

மார்க் 2 என்று தெரிந்த பிறகு பம்பர். 1967 செப்டம்பரில் 240, 340 என்று பெயர் மாற்றிச் சிக்கன வடிவம் வந்தபோது தடித்த பம்பர் போய் ஒல்லிப் பம்பர் வந்தது. மோர்ஸின் வண்டியில் தடித்த பம்பர், பொருத்தமே. ஆனால் அதன் கூரையில் போர்த்தியிருக்கும் கறுப்பு வினைல் ஆலையிலிருந்து வந்ததில்லை, பிறகு சேர்த்தது. அந்த வண்டி உலகப் புகழ் பெற்றதால் மார்க் 2 என்றாலே வினைல் கூரை என்று பலர் மனதில் பதிந்துவிட்டது. அதை அடையாளமாக வைத்துத் தேடினால் வழி தவறுவீர்கள். கிரில்லின் மேல் விளிம்பில் வரிவரியாகப் பள்ளம் இருந்தால் அது ஜாகுவாரே இல்லை, அதே உடலில் வந்த டெய்ம்லர் 2.5 லிட்டர் வி8. அந்த வரிப்பள்ளம் டெய்ம்லரின் குடும்ப அடையாளம்.

ஒரே உடல், ஐந்து முகம்

1958 கடைசியிலிருந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் செய்த ‘ஃபரீனா’ கார்கள் பலரைத் திணறடிக்கும். இத்தாலியின் பினின்ஃபரீனா வரைந்த ஒரே உடல். அதற்கு வூல்ஸ்லி, ஆஸ்டின், மோரிஸ், எம்ஜி, ரைலி என்று ஐந்து முகம் மாட்டி ஐந்து பெயரில் விற்றார்கள். பக்கவாட்டு ஃபிரேம் மட்டும் கிடைத்தால் ‘1.5 லிட்டர் ஃபரீனா’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நேர்மை. முகம் தெரிந்தால் கிரில்லின் வடிவத்தில் பெயரைச் சொல்லலாம்: எண்கோணச் சின்னம் எம்ஜி, வைரவடிவச் சின்னம் ரைலி, அகலமான தட்டைக் கிரில் ஆஸ்டினோ மோரிஸோ. ஆஸ்டின், மோரிஸ், வூல்ஸ்லி மூன்றிலும் 1961-இல் பின்வால் உயரத்தைக் குறைத்தார்கள். வால் கூர்மையாக எழும்பி நின்றால் அதற்கு முந்தையது.

வூல்ஸ்லிக்கு இரவுக்காட்சியில் ஒரு பரிசு உண்டு. கிரில் நடுவிலுள்ள அதன் சின்னம் விளக்குப் போட்டால் ஒளிரும். 1930-களின் தொடக்கத்திலிருந்து 1975 வரை இதை விடாமல் வைத்திருந்தார்கள். பழைய போலீஸ் கதைகளில் இருட்டில் வரும் கறுப்புக் காரின் முகத்தில் சின்ன முட்டைவடிவ வெளிச்சம் தெரிந்தால் வூல்ஸ்லி என்று துணிந்து சொல்லலாம். 1948–54 என்றால் 6/80, 1954–59 என்றால் 6/90, 1961–68 என்றால் 6/110. போலீஸ் வண்டி என்றதும் இன்னொரு சோதனை: ‘ஹார்ட்பீட்’டில் வருவது போன்ற இளநீலமும் வெள்ளையும் கலந்த ஃபோர்டு ஆங்லியா ரோந்து கார். அந்த ஆங்லியா 105ஈ 1959-இல் வந்துவிட்டது, பின்கண்ணாடி உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் யாரும் தவறவிட முடியாது. ஆனால் இருநிறப் ‘பாண்டா’ ரோந்து முறை பரவியது 1960-களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். 1961 கதையில் அது வந்தால் கார் சரி, பெயிண்ட் தவறு.

1920-களும் 30-களும்

இங்கே விதிகள் கொஞ்சம் மாறும். விலை உயர்ந்த கார்களில் கம்பெனி சேசிஸையும் எஞ்சினையும் மட்டுமே கொடுத்தது. உடலைக் கட்டியவர்கள் ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்டு போன்ற தனிப் பட்டறைகள். ஆகவே ரோல்ஸ்-ராய்ஸின் உடலைப் பார்த்து மாடல் சொல்ல முடியாது. ரேடியேட்டர், சக்கரம், பானட் நீளம் ஆகியவற்றையே பார்க்க வேண்டும். பானட் மேல் நிற்கும் பெண்ணுருவம் மண்டியிட்ட வடிவில் இருந்தால் 1934-க்குப் பிந்தையது. சின்னத்திலுள்ள இரட்டை ஆர் எழுத்து சிவப்பிலிருந்து கறுப்பானது நிறுவனர்களில் ஒருவரான ராய்ஸ் 1933-இல் இறந்த துக்கத்தால் என்ற கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அது கட்டுக்கதை. அவர் இருக்கும்போதே எடுத்த முடிவு.

சாதாரண மக்களின் கார்களில் நல்ல தடயங்கள் பல. மோரிஸின் ரேடியேட்டர் உச்சி காளைமூக்குப் போல உருண்டிருந்தால் 1926 அல்லது அதற்கு முன், தட்டையானால் அதற்குப் பின். பளபளப்பு மஞ்சள் சாயலோடு மென்மையாக இருந்தால் நிக்கல், நீலச் சாயலோடு கண்ணைக் கூசினால் குரோம். 1929–30 வாக்கில் நிக்கல் போய் குரோம் வந்தது. (1922 கதையில் குரோம் மின்னுவது சகஜம். மறுபடி முலாம் பூசும்போது யாரும் நிக்கலைத் தேடிப் போவதில்லை. அதை மட்டும் வைத்து வருடம் சொல்லாதீர்கள்.) முன்சக்கரத்தில் பிரேக் டிரம் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு சக்கரப் பிரேக் பரவலானது 1920-களின் நடுவில். 1919 கதையில் முன்சக்கர டிரம் தெரிந்தால் கேள்வி எழுப்பலாம். ஆனால் குட்டி ஆஸ்டின் செவனில் 1922 தொடக்கத்திலிருந்தே நான்கிலும் பிரேக் உண்டு. அதைப் பார்த்து அவசரப்பட்டுக் குற்றம் சொன்னால் மூக்குடைபடும்.

மோரிஸ் எய்ட்டை மூன்று படியாகப் பிரிக்கலாம். ஸ்போக் சக்கரமும் குரோம் ரேடியேட்டர் சட்டமும் என்றால் 1935–37. தகட்டுச் சக்கரமும் உடல் நிறத்தில் பெயிண்ட் அடித்த சட்டமும் என்றால் சீரீஸ் 2, 1937–38. ஹெட்லைட் மட்கார்டுக்குள் புதைந்து கிரில் அருவி போல வழிந்தால் சீரீஸ் ஈ, 1938–48. வாக்ஸ்ஹாலுக்குப் பானட்டின் இரு பக்கமும் நீளப் பள்ளம், சின்னமே தேவையில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் சிட்லிக்கு ஸ்ஃபிங்க்ஸ் பொம்மை.

பெயரில் வரும் எண்களும் பேசும். 1921-இலிருந்து கார் வரி குதிரைசக்திக்கு ஒரு பவுண்டு. அந்த வரிக்கான குதிரைசக்தியைச் சிலிண்டரின் குறுக்களவையும் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்கிட்டார்கள். அதனால்தான் செவன், எய்ட், டென், டுவெல்வ் என்று பெயர்கள். ‘14/56’ என்றால் வரிக்கு 14, எஞ்சின் உண்மையில் தரும் சக்தி 56.

பிரிட்டிஷ் கதை என்பதால் எல்லாம் பிரிட்டிஷ் கார் என்றும் எண்ண வேண்டாம். ‘டவுன்டன் அபி’யின் தொடக்கப் பகுதிகளில் வரும் பெரிய கார் பிரெஞ்சு ரெனோ. நிலக்கரி அள்ளும் முறம் போலச் சரியும் பானட், அதன் பின்னால் எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் ரேடியேட்டர். முகப்பில் ரேடியேட்டரே இல்லாத காரைப் பார்த்தால் ரெனோவை முதலில் நினையுங்கள்.

‘விண்டேஜ்’ என்ற சொல்லையும் அளந்து பயன்படுத்துங்கள். பிரிட்டிஷ் ஆர்வலர் வழக்கில் அது 1919 முதல் 1930 கடைசி வரையிலான காருக்கு மட்டும். மோர்ஸின் ஜாகுவாரை அவர்களிடம் விண்டேஜ் என்றால் திருத்தாமல் விடமாட்டார்கள்.

போர்க்காலக் கதைகள்

1939 செப்டம்பருக்குப் பிறகு ஹெட்லைட்டுக்கு முகமூடி வேண்டும், மட்கார்டு ஓரமும் ஃபுட்போர்டு ஓரமும் வெள்ளையடித்திருக்க வேண்டும். 1942 ஜூலையில் தனியாருக்கான அடிப்படைப் பெட்ரோல் பங்கீட்டையே நிறுத்திவிட்டார்கள். 1943 கதையில் சொந்தக் கார்கள் ஜாலியாக வலம் வந்தால் காரில் தவறில்லை, கதையில் தவறு. பங்கீடு முழுதாக ஒழிந்தது 1950 மே மாதம்.

போர் முடிந்ததும் ஆலைகள் 1939 மாடல்களையே மறுபடி செய்யத் தொடங்கின. மோரிஸ் எய்ட் சீரீஸ் ஈ, ஆஸ்டின் எய்ட், ஃபோர்டு ப்ரிஃபெக்ட் எல்லாம் 1947-இலும் அதே முகத்தோடு வந்தன. ஆகவே 1939 கதையில் 1947-இல் செய்த வண்டி நிற்கலாம், வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது மிகக் கடினம். இப்படிப்பட்டதைப் பிழை என்று எழுதாதீர்கள். எடுத்தவர்கள் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

கடைசியாக நம்பர் பிளேட்

1904 தொடக்கத்திலிருந்து ஓரிரு எழுத்தும் நான்கு இலக்கம் வரை எண்ணும். 1932-இலிருந்து மூன்று எழுத்தும் மூன்று இலக்கம் வரையும். மூன்று எழுத்தில் கடைசி இரண்டு ஊரைச் சொல்லும். மோர்ஸின் ஆர்பிஏவில் ‘பிஏ’ என்பது சர்ரே மாவட்டம். 1953-இலிருந்து எண்கள் தீர்ந்துபோன இடங்களில் இதைத் திருப்பிப் போட்டு எண் முன்னே, எழுத்து பின்னே. 248 ஆர்பிஏ இந்த வகை, 1960 காருக்குப் பொருந்துகிறது. 1963-இல் கடைசியில் வருட எழுத்து வந்தது: ஏ. 1964 பி, 1965 சி, 1966 டி. 1967-இல் ஜூலை வரை ஈ, ஆகஸ்டிலிருந்து எஃப். அதன் பின் ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாற்றம்: 1968 ஜி, 1969 ஹெச், 1970 ஜே, 1971 கே, 1972 எல். எல்லா மாவட்டமும் இதை ஏற்றது 1965-இல்தான். அதனால் 1964 காரில் வருட எழுத்து இல்லையே என்று குழம்ப வேண்டாம். ஒளி பிரதிபலிக்கும் வெள்ளை, மஞ்சள் பிளேட் 1968-இல் விருப்பத்துக்கு வந்து, 1973-இலிருந்து புதிய கார்களுக்குக் கட்டாயம். 1965 கதையில் மஞ்சள் பிளேட் தெரிந்தால் படக்குழு தூங்கிவிட்டது.

எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவின் இலவச வாகன விசாரணைப் பக்கத்தில் தட்டுங்கள். கம்பெனி, வருடம், நிறம், எஞ்சின் கொள்ளளவு வரும். மாடல் பெயர் வராது, ஆனால் கொள்ளளவே அதைச் சொல்லிவிடும். மோரிஸ் என்று வந்து 803, 948, 1098 என்றால் பெரும்பாலும் மைனர், அதிலும் எந்தப் பருவம் என்பது வரை தெரியும். 1489 என்றால் பெரும்பாலும் ஆக்ஸ்ஃபோர்டு. ஜாகுவாருக்கு 2483 என்றால் 2.4, 3442 என்றால் 3.4, 3781 என்றால் 3.8. ஐஎம்சிடிபி என்ற இணையத் தரவுதளத்தில் தொடர்வாரியாகக் கார்களின் படங்கள் இருக்கின்றன. பயனுள்ளதுதான், ஆனால் அங்கே எழுதியிருக்கும் வருடம் சில சமயம் பிளேட்டை வைத்து ஊகித்ததாக இருக்கும். தகட்டைப் பார்த்துச் சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

வேறு வண்டி வருவதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, கலை இயக்கக் குழு மாட்டிய பொய் எண். பொதுச்சாலையில் பொய் எண்ணோடு ஓட்டுவது அங்கே குற்றம், அதனால் இது பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும் கார்களிலும், சாலையை அடைத்து எடுத்த காட்சிகளிலும் இருக்கும். திறந்த சாலையில் ஓடும் காரின் எண்ணுக்கு மதிப்பு அதிகம். இரண்டு, பிரிட்டனில் எண்ணை மட்டும் தனியாக விற்கலாம். வருட எழுத்து இல்லாத பழைய எண்களுக்கு நல்ல விலை, அதனால் காரின் அசல் எண் இன்று ஏதோ பளபளக்கும் புதுக் காரில் இருக்கும். அசலை இழந்த காருக்கு அந்தக் காலத்து வடிவிலேயே வேறொரு எண் தருவார்கள். மக்கள்தொகை குறைந்த ஸ்காட்லாந்து மாவட்டங்களில் பயன்படாமல் மீந்த எண்கள்தான் இதற்குப் பெரும்பாலும் போகும். லண்டன் கதையில் ‘எஸ்வி’, ‘எஸ்யு’, ‘எஸ்கே’ என்று முடியும் எழுத்துகள் அடிக்கடி தென்பட்டால் இதுதான் காரணம். மூன்று, 1983-க்குள் கணினிப் பதிவுக்கு மாற்றாத பழைய எண்கள் செல்லாமல் போயின. தகுந்த சான்று காட்டிச் சில எண்களை மீட்கிறார்கள், மற்றவை தேடினால் வரவே வராது.

ஒரு ஏமாற்று வண்டியையும் தெரிந்துகொள்ளுங்கள். நீள பானட், பாய்ந்தோடும் மட்கார்டு, 1930-களின் கனவுக் கார் போல ஒன்று திருமணக் காட்சிகளில் வரும். அதன் கதவையும் பயணிகள் பகுதியையும் உற்றுப் பார்த்தால் அது மினி. 1980-களிலிருந்து விற்ற ‘பியூஃபோர்டு’ என்ற தொகுப்புக் கார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்வது), திருமண வாடகைக்குப் பேர்போனது.

உங்கள் ‘அம்பாசடர்’ காட்சிக்குத் திரும்புவோம். அந்தக் காட்சியில் முகம் தெரியும் ஃபிரேமைத் தேடி எடுங்கள். முகப்பில் தனியாகச் சதுர இண்டிகேட்டரும் சின்னக் கட்டங்களாலான சிறிய கிரில்லும் இருந்தால் அது ஆக்ஸ்ஃபோர்டே இல்லை, 1979-க்குப் பிந்தைய அம்பாசடர் மார்க் 4, இந்தியாவிலிருந்து போய் வேடம் போடுகிறது. கொஞ்சம் தள்ளி ஒரு நான்கு கதவு ஹெரால்டும் நின்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இரண்டு கதவுக்கு மேல் கிடையாது. நான்கு கதவு வைத்தது சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி மட்டும்தான்.